கொழும்பு விடுமுறையில் ஒரு சொசேஜ் மாலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூலை பிறந்தால் வெள்ளவத்தைக் குறுக்குத் தெருக்களில் வான் நிறுத்த இடம் கிடைக்காது. ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று போன சொந்தங்கள் பிள்ளைகளின் கோடை விடுமுறையோடு வந்து இறங்குகிறார்கள். கையில் இருப்பது மூன்று கிழமை. அதற்குள் நல்லூர், நுவரெலியா, காலி, ஒரு கலியாண வீடு, செட்டியார் தெருவில் நகை, புறக்கோட்டையில் உடுப்பு, மிச்ச நாட்களில் வீட்டுக்கு வீடு விருந்து. வந்தவர்கள் களைத்துப்போகிறார்கள். சமைக்கிறவர்கள் அதைவிடக் களைத்துப்போகிறார்கள்.

அதனால் ஐந்தாறு வருடமாக எங்கள் தொடர்மாடியில் ஒரு மாலையை ஒதுக்கி வைக்கிறேன். அன்றைக்குக் கறி இல்லை, புரியாணி இல்லை. கரி நெருப்பில் வாட்டிய சொசேஜ், பணிஸ், ஒரு சம்பல், அவ்வளவுதான். வருகிற முகங்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. போன ஆடியில் ஒரு கொப்பியை எடுத்து, கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி வைத்தேன். பதில்களோடு இங்கே தருகிறேன்.

"ஹொட் டோக் எண்டா நாய் இறைச்சியோ பிள்ளை?"

அம்மம்மா கேட்டது. இல்லை அம்மம்மா. ஜேர்மன்காரர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தபோது தங்கள் ஊர்ச் சொசேஜையும் கொண்டு போனார்கள். நீள உடம்பும் குட்டைக் காலும் கொண்ட ஒரு நாய் இனமும் ஜேர்மனியில் உண்டு. சொசேஜ் பார்க்க அந்த நாயைப் போல இருக்கிறது என்று பகிடியாகச் சொன்னது, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெயராகவே ஒட்டிக்கொண்டது. பிராங்க்பேர்ட் ஊரின் பெயரிலும் வியன்னா நகரின் பெயரிலும் இதே சொசேஜை அழைக்கிறார்கள்.

கண்டிப்பாகச் சொன்னால், சொசேஜைப் பணிஸுக்குள் வைத்த பிறகுதான் அது ஹொட் டோக். இங்கே நாங்கள் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம், அதனால் குழப்பம் ஒன்றும் வந்ததில்லை.

"இது ஏற்கெனவே அவிச்சதுதானே? பிறகு ஏன் சுடவேணும்?"

பக்கற்றில் வரும் கோழி, மாட்டு, பன்றிச் சொசேஜ்களில் பெரும்பாலானவை தொழிற்சாலையிலேயே வேகவைத்தவை. ஆனாலும் பக்கற்றைப் பிரித்து அப்படியே தின்னக் கூடாது. வேகவைத்த பிறகும் கிருமி தொற்றலாம். லிஸ்டீரியா என்ற கிருமி குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் பெருகக்கூடியது. உள்ளே ஆவி பறக்கும் அளவுக்கு, அதாவது 74 பாகை செல்சியஸ் வரை, சூடாக்கினால் அந்தப் பயம் இல்லை. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

மற்றது சுவை. தண்ணீரில் அவித்த சொசேஜ் சூடாக இருக்கும், அதோடு சரி. நெருப்பில் வாட்டும்போதுதான் மேற்பரப்பு வறண்டு, பொன்னிறமாகி, கடித்தால் மெல்ல நொறுங்கும் தோல் வருகிறது. கரியில் கொழுப்புச் சொட்டி எழும் புகையின் மணம் வேறு.

"கொழும்பில எந்தச் சொசேஜ் வாங்கலாம் அக்கா?"

பெரிய சுப்பர்மார்கட் எதிலும் உறைய வைத்த பக்கற்றுகள் இருக்கும். எந்த நிறுவனம் என்பதைவிடப் பக்கற்றின் நிலைமையைப் பாருங்கள். உள்ளே பெரிய பனிக்கட்டிகள் அடைந்திருந்தால் அது ஒரு தடவை உருகி மறுபடி உறைந்ததாக இருக்கலாம். ஊதியிருந்தாலோ, பால் போன்ற நீர் தேங்கியிருந்தாலோ வேண்டாம். 2022இல் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நீண்ட காலத்தில், ஒரு சின்னக் கடையில் வாங்கி வந்து திறந்தபோது கையில் வழுவழுவென்று ஒட்டியது. அவ்வளவையும் எறிந்தேன். அன்றிலிருந்து காசு கொடுக்க முதல் பக்கற்றை அமுக்கிப் பார்க்கிறேன்.

மெல்லியதைவிட விரல் தடிப்பில் உள்ளது நல்லது. மெல்லியது சூடாவதற்குள் காய்ந்துவிடும். ஒன்றைக் கவனியுங்கள்: லிங்குஸ் என்று விற்பது வேறு சாதி. போர்த்துக்கேயர் காலத்துப் பெயரோடு இன்றும் இருக்கும் பன்றி இறைச்சிச் சொசேஜ் அது, பச்சையாக வருவது. அதன் மிளகு மணத்துக்கு நான் அடிமை, ஆனால் அதை முழுதாக வேகவைக்க வேண்டும். அவசர மாலைக்குப் பொருந்தாது.

பௌர்ணமி நாளைக் கலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். போயா தினத்தில் இறைச்சி விற்பனை இல்லை. முதல் நாளே வாங்கி வைப்பதுதான் சரி.

"பணிஸ் எங்க வாங்கிறது? கிம்புலா பணிஸில வைச்சா என்ன?"

இரண்டாவது கேள்வி ரொறன்ரோவிலிருந்து வந்த பெறாமகனுடையது. கிம்புலா என்றால் சிங்களத்தில் முதலை. அந்தப் பணிஸ் நீளமாக, முதலை மாதிரியே வளைந்திருப்பதால் அவனுக்கு ஆசை வந்துவிட்டது. வைத்தும் பார்த்தோம். மேலே சீனி, உள்ளே இறுக்கமான மா; பிளந்தால் உடைகிறது, உப்புச் சொசேஜோடு சீனி ஒத்துப்போகவில்லை. கிம்புலா பணிஸைப் பின்னேரம் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிடட்டும்.

நீள ஹொட் டோக் பணிஸ் சுப்பர்மார்கட்டிலும் பெரிய பேக்கரிகளிலும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் கவலைப்படாதீர்கள். பின்னேரத்தில் பேத்தோவனின் இசையை ஒலித்துக்கொண்டு வரும் பாண் ஓட்டோவை நிறுத்தி, சாதாரண நீளப் பணிஸை வாங்குங்கள். அன்றே சுட்டதா என்று கேளுங்கள். பிளந்த பக்கத்தில் கொஞ்சம் பட்டர் தடவி, நெருப்பின் ஓரத்தில் அரை நிமிடம் கவிழ்த்து வைத்தால் போதும். கொழும்புக் காற்றில் ஈரம் கூட. வாட்டாத பணிஸ் சோஸ் பட்டதும் ஊறி நைந்துவிடும்.

"தொடர்மாடியில நெருப்பு மூட்ட விடுவாங்களோ?"

கேட்டுப் பாருங்கள். எங்கள் கட்டிடத்தில் மொட்டை மாடிக்கு முகாமைக் குழுவிடம் முதல் நாளே சொல்ல வேண்டும். காவலாளியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவேன், அவருக்கும் இரண்டு எடுத்து வைப்பேன். யாராவது உடுப்புக் காயப் போட்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். புகை பிடித்த சேலைக்குப் பதில் சொல்ல முடியாது. கிழமைக் கணக்கில் வாடகைக்கு எடுத்த வீடு என்றால், வீட்டுக்காரர் அனுமதிக்கிறாரா என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும்.

எந்தக் காரணத்துக்காகவும் அறைக்குள்ளோ, மூடிய பல்கனியிலோ கரி மூட்டாதீர்கள். கரி எரியும்போது வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. யன்னல் திறந்திருக்கிறதே என்று நம்பி உயிரை விட்டவர்கள் உண்டு. அனுமதி கிடைக்காதவர்களுக்கு எங்கள் தோசைக்கல் இருக்கிறது. கனமான இரும்புக் கல்லைக் காஸ் அடுப்பில் நன்றாகக் காயவைத்து, தீயைக் குறைத்து, சொட்டு எண்ணெய் பூசிச் சொசேஜை உருட்டி உருட்டி வாட்டுங்கள். புகை மணம் இராது. தோல் அருமையாக வரும்.

"கரிக்கு எங்க போறது? சிரட்டை காணுமோ?"

சிரட்டைக்கரியைவிட நல்லதை நான் பார்த்ததில்லை. தண்ணீர் வடிகட்டும் கரி செய்வதற்காக இலங்கைச் சிரட்டைக்கரிக்கு வெளிநாடுகளில் பெரிய கிராக்கி. அதே கரி இங்கே பையில் கிடைக்கிறது. சூடு நிறைய, புகை குறைவு, நெடுநேரம் தணல் நிற்கும். கரியாக்காத வெறும் சிரட்டையைப் போட்டால் சுவாலை உயர எழும். எண்ணெய்ப் புகையும் வரும். அதை மூட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், அந்த நாற்றம் இறைச்சியில் ஏறும். பன்னாடையோ காய்ந்த பொச்சோ அடியில் வைத்து, மேலே இரண்டு சிரட்டைத் துண்டு, அதற்கு மேல் கரி. இந்த வேலையைப் பெரியவர்களிடம் விடுங்கள். லண்டனில் முப்பது வருடம் இருந்த மாமா, பன்னாடையைக் கையில் கொடுத்ததும் குந்தியிருந்து ஊதத் தொடங்கிவிட்டார். யாருக்கும் எழும்பிக் கொடுக்கவில்லை. கரியின் மேல் சாம்பல் வெள்ளை படர இருபது நிமிடம் போகும். அதற்கு முதல் எதையும் மேலே வைக்காதீர்கள்.

"எனக்கு எப்பவும் வெளியில கரி, உள்ள குளிர். எவ்வளவு நேரம் சுடுறது?"

இதுதான் அதிகம் கேட்கப்படுவது. பிழை நேரத்தில் இல்லை, நெருப்பில். பசியோடு சுற்றிவிட்டு வந்த வீட்டில் எல்லாரும் சுவாலை எழும்போதே சொசேஜை வைத்துவிடுகிறார்கள். வெளித்தோல் இரண்டு நிமிடத்தில் கறுக்கிறது, நடுவில் ஐஸ் இருக்கிறது.

முதலாவது, முதல் நாள் இரவே உறைபெட்டியிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறக்கி வையுங்கள். மறந்துவிட்டால், பிரிக்காத பக்கற்றைக் குளிர் தண்ணீரில் ஒரு மணித்தியாலம் அமிழ்த்தி வைக்கலாம். மேசையில் வெயிலில் போட்டு உருக்காதீர்கள். இரண்டாவது, கரி முழுவதையும் அடுப்பின் ஒரு பக்கத்துக்குத் தள்ளிவிடுங்கள். இப்போது உங்களிடம் இரண்டு இடம் இருக்கிறது: தணலுக்கு மேலே ஒன்று, தணல் இல்லாத பக்கம் ஒன்று. சொசேஜை முதலில் தணல் இல்லாத பக்கம் அடுக்கி, ஒரு பழைய தாச்சியைக் கவிழ்த்து மூடுங்கள். ஆறேழு நிமிடம், நடுவில் ஒரு தடவை புரட்டினால் போதும். உள்ளே சூடேறி, தோல் விம்மிப் பளபளவென்று வரும். அப்புறம் தணலுக்கு மேலே எடுத்து, இடுக்கியால் கால் வட்டம் கால் வட்டமாக உருட்டி இரண்டு மூன்று நிமிடம்.

தணலின் சூட்டைக் கையால் பார்க்கலாம். கம்பிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையைப் பிடித்து எண்ணுங்கள். இரண்டு எண்ணுவதற்குள் கையை இழுத்தால் சூடு கூட. ஐந்து வரை பிடிக்க முடிந்தால் சரியான பதம். கொழுப்பு சொட்டிச் "சுர்" என்று அடங்க வேண்டும். சுவாலை எழுந்தால் உடனே சொசேஜை மற்றப் பக்கம் தள்ளுங்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள். சாம்பல் பறந்து எல்லாவற்றிலும் ஒட்டும்.

"ஏன் எப்பவும் நீளவாக்கிலயே வெடிக்குது? முள்ளுக்கரண்டியால குத்தினா என்ன?"

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவன்தான் இதற்குப் பதிலைச் சொல்லித் தந்தான். உருளை வடிவான எதன் உள்ளே அழுத்தம் ஏறினாலும், சுற்றளவை இழுக்கும் விசை நீளத்தை இழுப்பதைப் போல இரண்டு மடங்கு. ஆகவே தோல் முதலில் விட்டுக்கொடுப்பது நீளவாக்கில்தான். தண்ணீர்க் குழாய் வெடித்தாலும் அப்படித்தானாம். அன்றிலிருந்து ஒவ்வொரு வெடிப்பையும் பார்க்கும்போது அவன் முகம் ஞாபகம் வருகிறது.

குத்தாதீர்கள். ஓட்டை வழியாகக் கொழுப்பும் நீரும் ஒழுகிப் போய், சொசேஜ் சுருங்கி மரத்துண்டு மாதிரியாகிவிடும். வெடிக்காமல் இருக்க வேண்டுமென்றால் முந்திய பதிலில் சொன்ன மெல்லிய சூடுதான் வழி. எனக்குப் பிடித்தது, கத்தி நுனியால் மூன்று நான்கு இடத்தில் சாய்வாக, அரைக்கால் அங்குலத்துக்கு மேற்படாமல் கீறுவது. கீறிய இடம் விரிந்து, அதன் ஓரங்கள் நன்றாக முறுகும். பிள்ளைகள் அந்த ஓரத்தைத்தான் முதலில் கடிக்கிறார்கள்.

"மேல என்ன போடுறது? கெச்சப்போ, சம்பலோ?"

சிக்காகோவில் கடுகு, வெங்காயம், தக்காளி, ஊறுகாய் வெள்ளரி, மிளகாய் எல்லாம் போட்டுவிட்டுக் கெச்சப்பை மட்டும் ஒதுக்குவார்கள். அது அவர்களின் ஊர்ப் பிடிவாதம். எங்கள் மேசையில் தக்காளி சோஸ் போத்தல் இருக்கும், பிள்ளைகள் கேட்பார்கள். ஆனால் என்னுடைய வாக்கு கட்டைச் சம்பலுக்குத்தான். செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, விரும்பினால் மாசிக் கருவாடு. இடித்துத் தேசிக்காய் பிழிந்தால் முடிந்தது. சொசேஜின் கொழுப்பை அந்தப் புளி வெட்டுகிற மாதிரி வேறெதுவும் வெட்டாது.

சீனிச் சம்பலும் பொருந்தும், ஆனால் மெல்லியதாய்ப் பூசுங்கள். தேங்காய்ச் சம்பல் உதிர்ந்து மடியில் கொட்டும், பணிஸுக்குச் சரிவராது. கடுகை வினாகிரியில் ஊறவைத்து உள்ளி, இஞ்சியோடு அரைக்கிற நம்முடைய பழைய கடுகுப் பசை வீட்டில் இருந்தால் கடைக் கடுகு தேவையே இல்லை. ஒன்றிரண்டு போதும். ஏழு கிண்ணம் வைத்தீர்கள் என்றால், அவற்றைக் கழுவ யாரோ ஒருவர் குசினிக்குப் போக வேண்டி வரும்.

"வந்த ஆக்களுக்குப் பாணும் சொசேஜும் மட்டும் குடுக்கிறது மரியாதையே?"

பெரியம்மா முதல் வருடம் இதைக் கேட்டபோது குரலில் உண்மையான கவலை இருந்தது. பன்னிரண்டு மணித்தியாலப் பயணம் பண்ணி வந்த பிள்ளைகளுக்கு இறால், கணவாய், ஆட்டிறைச்சி இல்லாமல் சாப்பாடா என்று.

1939 ஜூன் 11ஆம் திகதி, அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தன்னுடைய ஹைட் பார்க் வீட்டுத் தோட்டத்தில் ஆறாம் ஜோர்ஜ் மன்னருக்கும் எலிசபெத் அரசிக்கும் ஹொட் டோக் கொடுத்தார். அன்றைக்கு ஜோர்ஜ் இலங்கைக்கும் மன்னர். நாட்டின் மானம் போகப்போகிறது என்று அங்கேயும் பலர் பதறினார்கள். ஜனாதிபதியின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் மாறவில்லை. மன்னர் சாப்பிட்டார், இன்னொன்றும் கேட்டார். மறுநாள் பத்திரிகையில் அதுவே தலைப்பு.

கதையைக் கேட்டுவிட்டுப் பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலை அவர் செய்ததைச் சொல்கிறேன். பிளாஸ்ரிக் கதிரையில் கடலைப் பார்த்து உட்கார்ந்தார். கீழே கரையோர ரயில் போனது. தட்டில் ஒரு பணிஸ். தங்கச்சியின் மகள் பக்கத்தில் தரையில் இருந்து, ரொறன்ரோவில் பனி எப்படி விழும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு மணித்தியாலம் இருவரும் அசையவில்லை. மூன்று கிழமையில் அந்தப் பிள்ளையோடு பெரியம்மா இருந்து கதைத்தது அன்றுதான். மற்ற நாளெல்லாம் அவர் அடுப்படியில் நின்றார். பரிமாறிக்கொண்டே "இன்னும் கொஞ்சம் போடட்டோ" என்று கேட்டதைத் தவிர வேறு கதை நடக்கவில்லை. நான் இந்த மாலையை விடாமல் வைப்பது அந்த ஒரு மணித்தியாலத்துக்காக. எளிமையாகவே வையுங்கள். பக்கத்தில் ஒரு கோழிக் கறியும் வைப்போமே என்று தொடங்கினால் அது மறுபடி விருந்தாகிவிடும்.

"நல்லூர்க் கொடி ஏறிட்டுது, நாங்கள் சைவம். என்ன செய்யிறது?"

நல்லூர்த் திருவிழா 25 நாள். கோடை விடுமுறையோடு பெரும்பாலும் முட்டும். கொடியேற முதல் இந்த மாலையை முடித்துவிடுவது சுலபம். கொழும்பில் ஆடிவேல் விழாவும் இதே காலம்தான், அந்த நாட்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சைவக்காரர் யாராவது இருந்தால் சோயாச் சொசேஜ் வாங்கலாம். சேர்மானத்தைப் படியுங்கள், சிலவற்றில் முட்டை வெள்ளைக்கரு இருக்கும். என்னைக் கேட்டால் பனீர், காளான், தோலோடு அவித்து நீளமாய் வெட்டிய வாழைக்காய் இன்னும் நல்லது. வாழைக்காயில் மிளகுத்தூளும் உப்பும் தேசிக்காயும் தடவி வாட்டிப் பாருங்கள். அவர்களுடையதை முதலில், சுத்தமான கம்பியில் சுட்டு எடுத்துவிடுங்கள். இடுக்கியும் வேறாக இருக்கட்டும். அவர்கள் கேட்கமாட்டார்கள், நாங்களாகத்தான் செய்ய வேண்டும். கட்டைச் சம்பலிலும் மாசி போடாத ஒரு கிண்ணம்.

"நாங்கள் மாடு சாப்பிடமாட்டம். கோழிச் சொசேஜ் எண்டா பயமில்லைத்தானே?"

அவசரப்படாதீர்கள். உள்ளே கோழி இருந்தாலும் வெளித்தோல் கொலாஜனாக இருக்கலாம். உண்ணக்கூடிய கொலாஜன் தோல் பெரும்பாலும் மாட்டுத் தோலின் உட்படையிலிருந்து எடுப்பது. இயற்கைத் தோல் என்றிருந்தால் ஆட்டுக் குடலோ பன்றிக் குடலோ. தோலில்லாச் சொசேஜ் என்று எழுதியிருப்பது பாதுகாப்பு: தாவர நாரில் செய்த குழாய்க்குள் அவித்து, பிறகு அந்தக் குழாயை உரித்து எறிந்துவிடுகிறார்கள். பக்கற்றின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுப் படியுங்கள்.

ஹலால் இலச்சினை இருந்தால் போதுமா என்று சிலர் கேட்கிறார்கள். அது பன்றி இல்லை என்பதையும், அறுத்த முறையையும் உறுதிசெய்யும். மாடு இல்லை என்று அது சொல்லவில்லை. முஸ்லிம் நண்பர்களை அழைத்தால் இலச்சினை உள்ளதையே வாங்கி, அன்றைக்குப் பன்றிச் சொசேஜை அடுப்பில் ஏற்றாமலே விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் கோழித் தோலில்லாச் சொசேஜ் ஒன்றையே வாங்கி எல்லாருக்கும் ஒரே தட்டில் வைக்கிறேன்.

"காலிமுகத்திடலுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடலாமோ?"

கொண்டுபோகலாம், அங்கே நெருப்பு மூட்ட நினைக்க வேண்டாம். ஜூலை, ஓகஸ்டில் தென்மேற்குக் காற்று கடலிலிருந்து நேரே அடிக்கும். பட்டம் விடுகிறவர்களுக்கு நல்லது, தணலுக்கு இல்லை. வீட்டில் சுட்டு, வாய் அகன்ற சுடுதண்ணிப் போத்தலில் போட்டு மூடுங்கள். அதை முதலில் கொதிநீரால் நிரப்பி ஐந்து நிமிடம் வைத்துக் கவிழ்த்தால், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சூடு இறங்காது. பணிஸும் சம்பலும் தனியாக.

ஆறரையளவில் சூரியன் கடலுக்குள் இறங்கும்போது சாப்பிடத் தொடங்குங்கள். தட்டைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு வேறெங்கும் பார்க்காதீர்கள். கொழும்புக் காகத்துக்குச் சொசேஜ் என்றால் உயிர். பின்னாலிருந்து வந்து அள்ளிக்கொண்டு போகும். இறால் வடை வண்டியும் மாங்காய் அச்சாறும் பக்கத்திலேயே இருப்பதால் வேறு பக்க உணவு கட்டிக்கொண்டு போகத் தேவையில்லை.

"சின்னவனுக்கு இரண்டரை வயது. கையில குடுக்கலாமோ?"

முழுதாகவோ வட்டமாக வெட்டியோ கொடுக்காதீர்கள். சொசேஜ் வட்டம் குழந்தையின் மூச்சுக்குழாயை அச்சாக அடைக்கும் அளவு. நான்கு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு முதலில் நீளவாக்கில் நாலாகப் பிளந்து, பிறகு பொடியாக வெட்டுங்கள். இருந்து சாப்பிடட்டும், ஓடிக்கொண்டு வேண்டாம். இதைச் சொல்லச் சில தாய்மாருக்குக் கோபம் வருகிறது. வந்தாலும் சொல்வேன்.

"இதால புற்றுநோய் வருமெண்டு சொல்லினம், உண்மையோ?"

உண்மை இருக்கிறது, மழுப்ப மாட்டேன். 2015இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் தொகுதியில் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டு வந்தால் பெருங்குடல் புற்றுநோய்க்கான அபாயம் 18 வீதம் கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. புகையிலையும் அதே தொகுதிதான். ஆனால் தொகுதி என்பது ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைக் காட்டுவது. இரண்டும் ஒரே அளவு ஆபத்து என்று அர்த்தமில்லை. சேர்மானத்தில் 250 என்ற எண் இருந்தால் அது சோடியம் நைத்திரைற்று. இளஞ்சிவப்பு நிறமும் கெட்டுப்போகாத தன்மையும் அதனால்தான்.

கணக்கில் "தினமும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். விடுமுறையில் ஒரு மாலை வேறு. ஒவ்வொரு நாள் காலையும் பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியில் சொசேஜ் வைப்பது வேறு. இரண்டாவதை நான் செய்வதில்லை, உங்களையும் செய்ய வேண்டாம் என்றுதான் சொல்வேன். இதில் உப்பும் அதிகம். இரத்த அழுத்தக்காரர் ஒன்றோடு நிறுத்தி, சோஸைத் தவிர்த்து வெங்காயமும் தக்காளியும் போட்டுச் சாப்பிடலாம். கறுத்துக் கருகிய பகுதியை யாரும் தின்ன வேண்டாம்.

"மழை வந்தா?"

தோசைக்கல். மேலே தொடர்மாடிக் கேள்வியில் சொன்னபடி. அடுப்படிக்கு எல்லாரையும் கூப்பிடுங்கள். ஒருவர் உருட்ட, மற்றவர்கள் வாசலில் நின்றே சாப்பிடலாம்.

"மிஞ்சினதை நுவரெலியாவுக்குக் கொண்டுபோகலாமோ?"

சுட்டது மேசையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கிடக்கக் கூடாது, வெயில் உச்சத்தில் என்றால் ஒரு மணித்தியாலம். கொழும்பிலிருந்து மலைக்கு ஐந்தாறு மணித்தியாலம் வானில். வழியில் நீர்வீழ்ச்சிக்கு ஒரு தரம், தேயிலைக் கடைக்கு ஒரு தரம் இறங்குவீர்கள். ஆகவே சும்மா ஒரு பையில் போட்டுக்கொண்டு போக வேண்டாம். ஐஸ் நிறைத்த ரெஜிபோம் பெட்டி இருந்தால், திறக்காத பக்கற்றைக் கொண்டுபோய் அங்கே குளிரில் சுடலாம்.

சுட்டு மிஞ்சியதை அன்றிரவே குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, காலையில் துண்டு துண்டாக வெட்டி, பெரிய வெங்காயம், கறிமிளகாய், தக்காளியோடு பெரிய நெருப்பில் இரண்டு நிமிடம் பிரட்டுங்கள். இங்கே உணவகங்களில் டெவில் என்று எழுதுவது இதைத்தான். ரோஸ் பாணோடு சாப்பிட்டுவிட்டு வானில் ஏறலாம்.

"பிளைட் நடுச்சாமம். அண்டைக்குச் சுடலாமோ?"

சுடலாம். பெட்டி கட்டிய நாளில் குசினியைப் பாழாக்காத சாப்பாடு இது. நாலரைக்குக் கரியை மூட்டினால் ஆறு மணிக்குள் சாப்பிட்டு முடியும். கட்டுநாயக்காவுக்கு எட்டு மணிக்கு வெளிக்கிட நேரம் இருக்கும். புகை மணத்தோடு விமானத்தில் ஏறாமல் இருக்க, குளியலைச் சாப்பிட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். சிரட்டைக்கரித் தணல் அணைந்த மாதிரித் தெரியும். உள்ளே விடிய விடியக் கனன்றுகொண்டிருக்கும். அவசரத்தில் அதைக் குப்பைப் பையில் கொட்டிவிட்டுப் போனால் மாடியே பற்றும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, இரும்பு வாளியில் மூடி வைத்துவிட்டுப் போங்கள். நான் அடுத்த நாள் காலை மேலே போய்க் கையால் தொட்டுப் பார்த்து, குளிர்ந்திருந்தால் ஒரு பிடிச் சாம்பலைக் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போட்டுவிட்டு மிச்சத்தைக் கொட்டுவேன். மடக்காமல் விட்ட கதிரைகளையும் அப்போதுதான் கீழே இறக்குவது.